கூட உட்கார்ந்து தோற்றவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியில்தான். பந்து வீசுகிறவர் இன்னும் ஓடிவரவே ஆரம்பிக்கவில்லை, அதற்குள் மேல் வீட்டில் 'ஹோ'வென்று ஒரு கத்தல். சரி, யாரோ அவுட் என்று நினைப்பதற்குள் கீழ் வீட்டிலும் அதே கத்தல். அதற்கப்புறம்தான் என் கையில் ஸ்டம்ப் எகிறியது. இப்போதெல்லாம் இப்படித்தான். வீட்டுக்கு ஒரு இணைப்பு, அது அதனதன் வேகத்தில் வருகிறது. ஒரே கட்டடத்தில் ஒரே விக்கெட் மூன்று தடவை விழுகிறது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்தவள் மாதிரி ஆகிவிட்டேன். கத்துவதற்கு வாயைத் திறந்தேன், கூடக் கத்த ஆள் இல்லாததால் கொட்டாவியாக்கி மூடிக்கொண்டேன்.

கைபேசிக்கு வாசனை கிடையாது, கவனித்திருக்கிறீர்களா? அந்தக் காலத்து டி.வி.க்கு உண்டு. பின்பக்கம் சூடேறி, உள்ளே படிந்த தூசி லேசாகக் கருகுகிற வாசனை. அதோடு ஊதுபத்தி, இஞ்சி தட்டிப்போட்ட டீ, வெங்காய பஜ்ஜி எல்லாம் கலந்தால் எனக்கு அது கிரிக்கெட். புனேயில், விஷ்ராந்த்வாடியில் எங்கள் பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்த வாசனை அது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் புனே வந்தோம். அப்பாவுக்கு லோஹேகாவ் விமானப்படை நிலையத்தில் குமாஸ்தா வேலை. நான் மூன்றாம் வகுப்பு. அம்மா பாளையங்கோட்டையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. அங்கே அவளுக்குத் தெருவெல்லாம் சொந்தம், பேச்சுக்குக் குறைவில்லாத வாய். இங்கே அப்பா ஆபீசுக்கும் நான் பள்ளிக்கும் போனபின் சாயங்காலம் வரை அவள் பேசியது காய்கறிக்காரரிடம் விரல்களால் மட்டும்தான். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சாதாரணமாகச் சொன்னாள், ரசம் ஊற்றிக்கொண்டே: முழுப்பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊரோடு போய்விடுகிறேன், நீங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். அப்பா அடுத்த மாதம் ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து அலமாரியில் வைத்தார். எனக்கு அப்பாவை விட்டுப் போக மனமே இல்லை. ஆனால் ஒன்பது வயதுக்காரியை யார் கேட்டார்கள்?

இந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு மராத்திக் குடும்பம். அவர் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அவரைக் காகா என்றும் அந்த அம்மாளைக் காகு என்றும் கூப்பிடுவார்கள், சித்தப்பா சித்தி என்கிற மாதிரி. பெரிய மனுஷரைப் போய் எப்படிக் காக்கா என்று கூப்பிடுவது என்று அம்மாவுக்கு ஒரே கூச்சம். அதனாலேயே அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து 'வா! வா!' என்று சத்தம். ஒருவர் இல்லை, நாலைந்து பேர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'வா வா வா!' அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள்.

"ஏட்டி, நம்மளத்தான் கூப்பிடுதாவ. வா வாங்காவ, கேக்கலியா? பாவம், நமக்காகத் தமிழ் படிச்சிருக்காவ."

எனக்கும் நம்பத் தோன்றியது. ஊரிலிருந்து வந்த முந்திரிக்கொத்தை அம்மா எவர்சில்வர் தாம்பாளத்தில் அடுக்கினாள். (முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது, பாசிப்பயறும் கருப்பட்டியும்தான். ஏன் அந்தப் பெயர் என்று என்னிடம் கேட்காதீர்கள்.) புடவையை மாற்றி, பூ வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மராத்தியில் 'வா' என்றால் 'பேஷ், பேஷ்' என்று அர்த்தம், பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதற்கான பாராட்டு என்று எங்களுக்கு எப்படித் தெரியும்!

வாசல்படியில் அம்மா ஒரு காலை எடுத்து வைத்ததும் உள்ளே பெரிய ஆரவாரம். சிக்ஸர். காகா திரும்பிப் பார்த்தார். பூவும் தாம்பாளமுமாக லட்சுமி மாதிரி ஒரு அம்மாள் நிற்கிறாள். அவர் கையைத் தூக்கி, "தாம்பா! தாம்பா!" என்றார். தாம்பாளத்தைக் கேட்கிறார் என்று நினைத்து அம்மா அதை நீட்டினாள். அவர் பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார். 'தாம்பா' என்றால் நில்லுங்கள். ஆட்டம் நன்றாகப் போகும்போது யாரும் இருக்கிற இடத்தைவிட்டு அசையக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். கால் மரத்துப்போனாலும் சரி, மூக்கு அரித்தாலும் சரி. அம்மா நீட்டிய தாம்பாளத்தோடு வாசல்படியிலேயே நின்றாள். ஆட்டம் முடிய வெகு நேரம் ஆனது. இந்தியா ஜெயித்தது. அதற்கப்புறம்தான் ஓடிவந்து தாம்பாளத்தை வாங்கினார்கள். காகா ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு, பல்லைத் தடவிக்கொண்டே நன்றாயிருக்கிறது என்று தலையாட்டினார்.

அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வா வான்னு கூப்பிட்டுட்டு வாசல்லயே நிக்க வச்சிட்டாவளே, இதுதான் இந்த ஊரு மரியாதையா?" என்று ராத்திரி முழுக்க அப்பாவிடம் பொருமினாள். அப்பா அடக்கமுடியாமல் சிரித்தது எரிகிற தீயில் எண்ணெய் விட்டதுபோல் ஆயிற்று.

அடுத்த மேட்சன்று காலையில் காகுவே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அதே வாசல்படியில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள், மேலே தைத்த மெத்தையோடு. அம்மா உட்கார்ந்தாள், ஜெயித்தோம். அதற்கடுத்ததும் ஜெயித்தோம். அம்மாவுக்குக் கிரிக்கெட்டில் மட்டை எது, பந்து எது என்பது தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் கருப்பட்டிக் காப்பிக்கு ஏங்குகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமைக்கு ஏங்க ஆரம்பித்தாள். ஒரு விக்கெட் விழுந்தால் காகு நெஞ்சில் கை வைப்பார், அம்மாவும் வைப்பாள். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? நான் பார்த்தால் அவுட்டாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில், முக்கியமான ஓவர்களில் எல்லாம் காகுவின் சமையலறையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்றுவரை தீவிர ரசிகை என்று பீற்றிக்கொள்கிறேன். நல்ல கட்டங்களில் பாதியை நான் பார்த்ததே இல்லை.

டிக்கெட் மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போக வாரத்தில் ஆறு நாள் இருக்கிறதே.

பரீட்சை முடிந்த வாரம் ஒரு பெரிய போட்டியின் அரையிறுதி வந்தது. புதன்கிழமை நாங்கள் ரயிலேற வேண்டும், மேட்ச் ஞாயிற்றுக்கிழமை. காகா காலையிலேயே குளித்து, முந்தைய வெற்றிகளின்போது போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். இந்தியா மெதுவாக இலக்கை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அம்மா அதை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தே போயிருந்தாள். இரண்டாவது விசில். மூன்றாவதும் அடித்ததும் பொறுக்க முடியாமல் எழுந்து ஓடினாள். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது நம்பிக்கையான ஆட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டு மைதானத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் சீட்டுக்கட்டு சரிந்ததுபோல எல்லாம் சரிந்தது. யாரும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. காகா மட்டும் ஒரு தடவை, அம்மா மறுபடி உட்காரத் துணியாத காலி ஸ்டூலைப் பார்த்தார், பிறகு எழுந்து டி.வி.யை அணைத்தார். அம்மா சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்து, அந்தக் குக்கர் சாதத்தை யாருக்கும் போடாமல் மூடி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை காகு வந்தார். அழுது வீங்கிய முகம். கையில் ஒரு டப்பா நிறைய போஹா, அதுதான், அவல் உப்புமா. வாசலில் நின்றபடியே, "ஆபண் ஹர்லோ, வஹினி" என்று சொல்லி டப்பாவை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். வஹினி என்றால் அண்ணி, அது எங்களுக்குத் தெரியும். மீதி?

அப்பா முகத்தில் சவர நுரையோடு வந்தார். ஆபீஸில் நடத்திய ஹிந்திப் பரீட்சைகளை எல்லாம் எழுதித் தேறியவர். ஹிந்தி தெரிந்தால் மராத்தியும் தெரிந்த மாதிரிதான் என்பது அவர் கட்சி.

"ஹிந்தியில 'ஆப்'னா நீங்க. ஹர்லோன்னா தோல்வி. நீங்க தோக்கடிச்சிட்டீங்கங்காவ."

அம்மா டப்பாவைத் திறக்காமல் கீழே வைத்தாள். நல்லது, புதன்கிழமை ரயிலேறுகிற வரைக்கும் அவர்கள் முகத்தில் விழிக்காமல் இருந்துவிடுகிறேன் என்றாள். பெட்டியை இறக்கச் சொன்னாள். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

இங்கே கொஞ்சம் என் பெருமையைச் சொல்லிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். பள்ளியில் எனக்கு மராத்தி கட்டாயப் பாடம். அதில் நான் மக்கு. ஆனால் ஒரே ஒரு வகுப்பில் டீச்சர் என்னைத் தட்டிக்கொடுத்தார். மராத்தியில் 'ஆம்ஹி' என்று ஒன்று, 'ஆபண்' என்று ஒன்று. வடக்கேயிருந்து வந்த விமானப்படைப் பிள்ளைகளுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை, அவர்களுக்கு இரண்டுக்கும் சேர்த்து 'ஹம்' ஒன்றுதான். எனக்கு மட்டும் சட்டென்று விளங்கிவிட்டது. ஆம்ஹி என்றால் நாங்கள். ஆபண் என்றால் நாம்.

வாயில் நுரையோடு சொன்னேன், அது ஆப் இல்லையப்பா, ஆபண் என்று. அப்பாவுக்கு நம்பிக்கையில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நாங்களா, நாமளா? சரியாச் சொல்லுட்டி."

"நாமதாம்மா. நம்மளையும் சேத்துதான். நாம தோத்துட்டோம்னு சொல்லிட்டுப் போறாவ."

அம்மா தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து கொத்துமல்லி தூவியிருந்த அந்த அவலைக் கையால் அள்ளிச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அப்பா அலமாரியிலிருந்து டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார், ரத்து செய்ய.

அதற்கப்புறம் எத்தனையோ மேட்சுகள். அம்மா மராத்தி கற்றுக்கொண்டாள், ஹிந்தி கடைசிவரை வரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு லோட்ஷெடிங் காலம் வந்தது. சரியாகக் கடைசிப் பத்து ஓவரில் கரண்ட் போகும். விமானப்படைக் குடியிருப்பில் மட்டும் போகாது. அம்மா தலைமையில் காகா, காகு, தெருவில் இன்னும் சிலர் எல்லாரும் ஒரு சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் அடைந்துகொண்டு, லோஹேகாவில் அப்பாவோடு வேலை பார்த்தவர் வீட்டுக்குப் போய் இறங்குவோம். அந்த வீட்டுக்காரம்மா எங்கள் எல்லாருக்கும் டீ போட்டு முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். அந்த அம்மாள் எங்கள் தலையைப் பார்த்தாலே சர்க்கரை டப்பாவைத் தேடுவாராம்.

அப்பா ஓய்வு பெற்றபோது ஊருக்குப் போய்விடலாம் என்று ஆசையாகச் சொன்னார். பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு வீடும் பார்த்து வைத்திருந்தார். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அங்க போயி நான் யாரு கூட உக்காந்து தோக்கதுக்கு?"

அப்பா அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

காகா போய் ரொம்ப வருஷம் ஆகிறது. காகுவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டுப் பில்டர் பதினோரு மாடி எழுப்பியிருக்கிறார், கீழே கார் நிறுத்துமிடம். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் அந்த வாசல்படி இருந்தது என்று ஒரு தடவை போய்த் தேடிப் பார்த்தேன். காவலாளி சந்தேகமாகப் பார்த்ததால் திரும்பிவிட்டேன்.

ஜெயித்த ஆட்டங்களை எல்லாரும்தான் கொண்டாடுகிறார்கள். நான் நன்றி சொல்வது அந்த அரையிறுதிக்கு. அன்றைக்கு இந்தியா ஜெயித்திருந்தால் காகு ஒரு டப்பா பேடாவோடு வந்து சிரித்துக்கொண்டே எங்களுக்கு விடைகொடுத்திருப்பார். நாங்களும் சிரித்துக்கொண்டே ரயிலேறியிருப்போம். இப்போதும் இந்தியா தோற்கத்தான் செய்கிறது. மறுநாள் காலையில் கதவைத் தட்டத்தான் ஆள் இல்லை.