அம்மா நடந்த காட்சி

வெள்ளித்தாள் ஒட்டிய பலகையிலிருந்து தெறித்த காலை வெயில் கன்னத்தில் பட்டதும் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். சிங்களப் படமொன்று எடுப்பதற்காகக் கொழும்பிலிருந்து ஆட்கள் புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயிருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. இறப்பர் மரங்களுக்கிடையே கதாநாயகி நின்று அழும்போது பால்வாளியோடு ஒரு தொழிலாளி கடந்துபோக வேண்டுமாம். மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் ‘பால்வெட்டு’க்குப் போன பெண்களில் அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு வயதுத் தங்கை செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பார்த்து நின்றேன்.

ஒளிப்பதிவாளர் நரைத்த தாடிக்காரர். அம்மாவின் முகத்தருகே சிறு கருவியொன்றைப் பிடித்து வெளிச்சத்தை அளந்து, பலகை பிடித்தவனை ஓரடி முன்னே, அரையடி பின்னே என நகர்த்தினார். தரையில் தண்டவாளம் போட்டு, சக்கர வண்டியில் கமராவை ஏற்றியிருந்தார்கள். அம்மா நடக்க, வண்டியும் கூடவே நகர்ந்தது. இரண்டு தடவை அப்படி எடுத்தார்கள்.

இயக்குநருக்குத் திருப்தியில்லை. இந்தப் பெண்ணின் முகத்தில் இவ்வளவு வெளிச்சம் இருந்தால் பார்ப்பவர்கள் கதாநாயகியை மறந்துவிடுவார்கள் என்று அவர் சிங்களத்தில் சொன்னது எனக்கு விளங்கியது. நல்ல முகம், விட மனமில்லை என்றார் தாடிக்காரர். இருவரும் மரத்தடியில் குந்தி, குச்சியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள்; சண்டை என்றே நான் நினைத்தேன். கடைசியில் தாடிக்காரரே எழுந்து, வெயிலை இவளுடைய முதுகுப்பக்கம் வைத்துவிடலாம், கமரா இவள் காலோடு தொடங்கி, இவள் திரும்பும்போது இவளைத் தாண்டிப்போய்க் கதாநாயகியிடம் நிற்கட்டும் என்றார். இயக்குநர் சந்தோஷமாக அவர் தோளில் தட்டினார். பலகைக்காரனைப் பார்த்து, “மூண ஓனே நே” என்றார். முகம் வேண்டாம். பலகையைக் கவிழ்த்து வைத்தார்கள். அம்மா மறுபடி நடந்தாள்.

“எதுக்குடி அந்தப் பலகைய எடுத்துட்டாங்க?” என்று, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும் வழியில் கேட்டாள்.

“தெரியலம்மா” என்றேன்.

அந்த வருட மழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்தது. செல்விக்குக் காய்ச்சலென்று அப்பாவும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு மருந்தெடுக்கப் போயிருந்தோம், அம்மா வீட்டிலிருந்தாள். மூன்றாம் நாள்தான் மண்ணுக்குள்ளிருந்து அம்மாவை எடுத்தார்கள். எங்களைப் பார்க்க விடவில்லை. கலியாணப் படமும் அடையாள அட்டையும் இருந்த ‘டிரங்குப் பெட்டி’ கிடைக்கவேயில்லை.

“அந்தச் சினிமாப் படத்துல இருக்காள்ல, அது போதும்” என்று அப்பா சொல்லிக்கொண்டேயிருந்தார். மறுவருடம் அந்தப் படம் கேகாலைக்கு வந்தது. தியேட்டரில் அவர் செல்வியை மடியில் நிமிர்த்தி வைத்து, “இந்தா, அம்மா வரப்போறாங்க, பாரு” என்றார். இரண்டு கால்கள், வாளி, பொன் விளிம்பு கட்டிய கறுத்த உருவம். அது திரும்பியபோது கமரா தாண்டிப் போய்விட்டது. பின்வரிசையில் யாரோ வியந்து மூச்சிழுத்தார்கள். அவ்வளவு அழகாக இருந்தது.

“எங்க, வந்துட்டாளா?” என்றார் அப்பா.

“போயிட்டாங்கப்பா.”

பல வருடங்கள் கழித்து, கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த காலத்தில், தாடிக்காரரின் வீட்டைத் தேடிப் போனேன். அம்மாவின் முகம் விழுந்த, வேண்டாமென்று ஒதுக்கிய சுருள்களை அப்போதே கழித்துவிட்டார்களாம். அம்மாவின் நடையை அவர் மறக்கவில்லை. “நானும் டைரக்டரும் சேர்ந்து எடுத்ததிலேயே நல்ல ஷாட் அதுதான்” என்று சிங்களத்தில் சொன்னவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

இன்று அந்தத் தியேட்டர் இல்லை. தோட்டத்து மரங்களை வெட்டிவிட்டார்கள். அப்பாவும் போய்விட்டார். அம்மா எப்படியிருப்பாள் என்று செல்வி முன்பெல்லாம் கேட்பாள். மூக்கு உன்னைப்போல, நெற்றி என்னைப்போல என்பேன். ஒருநாள் மூக்கு என்னைப்போல என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவள் கேட்டதில்லை.