இரண்டு படிவங்கள்

கால்பந்து ஆடுவதற்காக ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினொரு வருடம் லீக்கின் கீழ் டிவிஷன்களில் இடது பக்கம் தடுத்து ஆடும் லெஃப்ட் பேக்காக ஆடினேன். மொத்தம் ஒரு கோல். அதுவும் எதிரணிக்காரன் முதுகில் பட்டு உள்ளே போனது. வயிற்றுப்பாட்டுக்கு மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்த வேலை.

பயம் என் கூடப் பிறந்தது. ரயில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று இரும்புலியூரிலிருந்து விடிவதற்குள் கிளம்பி, எல்லோருக்கும் முன்னால் மைதான வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன்.

"இன்னா மச்சான், கேட்டுக்கு வாட்ச்மேன் நீதானா?" என்பான் எங்கள் கோல்கீப்பர்.

எனக்கு இருபத்தொன்பது வயதானபோது எங்கள் கிளப் மேல் டிவிஷனுக்கு ஏறியது. அங்கே ஒரு சீசன் முழுக்க ஆடிக் காட்டினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையை நிரந்தரமாக்குவதாகக் கம்பெனி மேலாளர் சொல்லியிருந்தார். இதை விட்டால் வேறு வழியில்லை என்று எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

சீசன் தொடங்குமுன் லீக் கமிட்டிக்குப் போகும் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவனுக்கு ஒரு கிளப்தான். நான் போட்டுக் கொடுத்த படிவத்தைக் கோச் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான். ஆனால் அடுத்த வாரம் கேளம்பாக்கத்திலிருந்து புதிதாக ஒருவன் வந்தான். கோச் அவனை என் இடத்தில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தார். நான் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. என்னைச் சேர்த்திருக்கிறீர்களா சார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் மேல் டிவிஷனிலேயே ஆடும் இன்னொரு கிளப்பின் செயலாளரைப் பார்த்தேன். அவர் பையிலேயே படிவம் இருந்தது.

"சும்மா ஒரு சைன் போட்டு வை தம்பி. அவங்க உன்ன எடுத்துக்கினா நான் இத கிழிச்சிப் போட்டுடறேன்."

போட்டேன். அன்று ஒருநாள் நன்றாகத் தூங்கினேன்.

அவர் கிழிக்கவில்லை. லீக் கமிட்டிக்கு என் பெயரில் இரண்டு படிவங்கள் போய்ச் சேர்ந்தன. விதிப்படி இரண்டும் ரத்து, ஒரு வருடம் ஆடத் தடை.

கோச்சைப் பார்க்கப் போனேன். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உன் ஃபார்மத்தான்டா மொதல்ல குடுத்தேன்," என்றார். "அவன் ரைட் பேக்குடா. எடது காலும் பழகட்டும்னு உன் பக்கம் நிக்க வெச்சேன். வாயத் தொறந்து என்னாண்ட கேக்கறதுக்கு இன்னாடா?"

நான் திரும்பி ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

தடை முடிந்தபோது முட்டி கனத்திருந்தது, யாரும் கூப்பிடவில்லை. மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் அதே இயந்திரத்தின் முன்னால் அதே ஒப்பந்தத்தில் நிற்கிறேன். ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுகிறேன். கம்பெனி வாட்ச்மேன்கூட இப்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. சிலரை மட்டும்தான் புதுப்பிக்கிறார்கள் என்று பேச்சு.

"லிஸ்ட்ல உன் பேர் இருக்குதான்னு அந்த சூப்பர்வைசராண்ட கேட்டுட்டு வாயேன்," என்று மனைவி மூன்று நாளாகச் சொல்கிறாள். இன்று அவர் அறை வரைக்கும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, அவர் லீவு என்று சொன்னேன். நம்பாமல் சோற்றைப் போட்டாள்.