வாழைப்பழ எசென்ஸும் இருநூற்று முப்பது வோல்ட்டும்

மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாக்குகிறவருக்கு ஒரு நிமிடத்தில் வேலை முடியும். அதே அடுப்பில் எசென்ஸ் செய்கிறவன் பகல் முழுக்க அதன் முன்னால் குந்தியிருக்க வேண்டும். கறண்டை நம்பிப் பிழைக்கிற உங்களுக்கு என் பாடு விளங்கும்.

குசினித் தொழிற்சாலை

யுத்த நேரத்தில் திருகோணமலையில் எவன் வீட்டுச் சமையற்கட்டில் இரசாயனத்தைப் பீப்பாய்க் கணக்கில் காய்ச்சுவான்? அதனால் அடுப்புக்குள் மெல்லிய குழாயொன்றைச் சுருட்டி வைத்தேன். ஒரு பக்கம் வினாகிரியின் அமிலமும் ஒருவகை மதுசாரமும் சேர்ந்த கலவை சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். சுருளைச் சுற்றி வருவதற்குள் சூடேறி, மறுபக்கம் வாழைப்பழ எசென்ஸாக வெளியே வரும். எந்த நேரமும் உள்ளே இருப்பது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுதான்.

எசென்ஸையும், சரியாக ஓடினால் மெசினையும் வாங்கவிருந்தவர், கிண்ணியாவில் குச்சி ஐஸ்பழம் செய்யும் ஹனீபா நானா. முதல் முறை அன்புவழிபுரத்து என் வீட்டுக்கு வந்து மெசினைப் பார்த்தவர் சொன்னார்: "சேர், இது ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற ஆளுக்குச் சேலைன் ஏத்துற மாதிரியெல்லோ இருக்கு!"

புளிப்பு

மெசினின் எதிரி வோல்ட்டேஜ். தெருவில் நாலு வீட்டில் அயன் போட்டால் அடுப்பின் சூடு இறங்கிவிடும். கலவை மாறாமல் அப்படியே புளித்த வினாகிரியாக வரும், எசென்ஸாக இல்லை. உடனே சொட்டை மெதுவாக்க வேண்டும். கறண்ட் கூடினால் வேகமாக்க வேண்டும், இல்லாவிட்டால் குழாய் கருகும். ஒரு கண் வோல்ட் மீற்றரில், ஒரு கை சொட்டில். எழும்ப ஏலாது.

ஷெல் அடி தொடங்கியதும் மனைவி சுதா மகளோடு கொழும்புக்குப் போக வெளிக்கிட்டாள். மெசின் ஒரு முழுப் பகல் பிசகாமல் ஓடினால் நானாவிடம் ஒப்படைத்துவிட்டு நானும் வருகிறேன் என்றேன். பஸ்ஸில் ஏறியபின் யன்னலால் சொன்னாள்: "மெசினுக்குப் பக்கத்தில ஆள் வேணும் எண்டுறியள். எங்களுக்குப் பக்கத்தில வேண்டாமோ?"

சோதனைச் சாவடி

ஒருநாள் எசென்ஸ் போத்தலும் புதுக் குழாய்ச் சுருளுமாகப் பிடிபட்டேன். பையைக் கிண்டிய சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. குழாயைக் கண்டதும் முகம் மாறியது. போத்தலைத் திறந்து மூக்கில் வைத்து மணந்தான். திரும்பவும் மணந்தான். சுதா போனபிறகு என்னிடம் ஒரு மனிதன் சிரித்தது அன்றைக்குத்தான் என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சிங்களத்தில் என்னை ஐயா என்று விளித்து அவன் கேட்டது இதுதான்: "மாத்தயா, மணம் இருக்கு, பழம் எங்க?"

நல்ல கறண்ட்

பிறகு மீற்றரில் ஒரு அதிசயம். நூற்றுத் தொண்ணூறில் கிடந்த முள் இருநூற்றுப் பத்துக்கு வந்தது, ஒரு மாதத்தில் இருநூற்று முப்பதில் குத்திட்டு நின்றது. ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போட்ட மெசின் பின்னேரம் ஆறு வரை பிசகவேயில்லை. சொட்டைத் தொடவே தேவைப்படவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று வாசலுக்கு ஓடினேன். எதிர்வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டில் பூட்டு. தெரு முடியும்வரை பூட்டு. கறண்ட் எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் விளங்கியது. படியில் குந்தியிருந்து அழுதேன்.

அடுத்த நாள் வந்த நானா எசென்ஸை மணந்து பார்த்துவிட்டு மூடியைப் பத்திரமாகத் திருகினார். "முதல்தரம், சேர். ஆனா ஐஸ்பழம் திங்கிற புள்ளையளெல்லாம் அகதி முகாமில இருக்கு. எனக்கு இப்ப மெசின் வேணாம்."

தொலைபேசி

சுதாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்: முழுப் பகல் ஓடியது, ஆனால் தெருவில் ஆளில்லை, அதனால்தான் ஓடியது, வாங்கவும் ஆளில்லை. அவள் கேட்டாள்: "அப்ப சனம் திரும்பி வந்தால் மெசின் பிழைக்கும், திரும்பப் புளிப்புத்தான் வரும், என்ன? பிழைக்கட்டும். நீங்கள் வாங்கோ."

வயரைக் கழற்றிவிட்டுக் கொழும்பு பஸ்ஸில் ஏறிய இந்த எசென்ஸ்காரன் இரசாயனத்தில் கடைசியாகக் கண்டுபிடித்தது, வோல்ட்டேஜ் குறைந்த தெருவில்தான் மனிதர் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டுமே.