பார்க்கக் கூடாத முகம்

சோங்வே ஆற்றுக்கு இந்தக் கரை தான்சானியா, அந்தக் கரை மலாவி. அங்கே பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள் சுபிலாகா. மருமகள் மாமனாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பேரைச் சொல்லக் கூடாது என்பது ஊர்க்கட்டு. கிழவர் தூரத்தில் இருமினாலே இவள் வாழைக்குள் ஒளிந்துகொள்வாள். ஒரே வளவில் இருபது வருடம் குப்பைகொட்டியும் அவள் கண்டது அவருடைய கால்களைத்தான். இடக்காலில் சுண்டுவிரல் கிடையாது.

வெள்ளத்தில் ஓடம் கவிழ்ந்து கிழவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் கரையில் ஒரு உடல் ஒதுங்கியிருப்பதாகச் சேதி வந்தது. மகன் அம்பகிலே முன்பு அனுமதிச் சீட்டில்லாமல் ஆற்றைக் கடந்து அங்கே போலீசிடம் உதைபட்டவன்.

"நீ போய்க் கொண்டுவா. உனக்குத்தான் அக்கரைச் சந்தைக்குப் போற சீட்டு இருக்கே," என்றான் பெண்டாட்டியிடம். பெரிய வீரன்.

காவல் நிலையத்தில் உடலைத் துணியால் மூடியிருந்தார்கள். சுபிலாகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலைக் காட்டுங்கய்யா."

காட்டினார்கள். சுண்டுவிரல் இல்லை.

"எங்க வீட்டுப் பெரியவருதான்."

அதிகாரி தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்கு இந்தக் கட்டெல்லாம் தெரியாது. "காலைப் பார்த்தா பொணத்தைக் குடுப்பாங்க? முகத்தைப் பாரும்மா, பேரைச் சொல்லு. இல்லேன்னா அநாதைப் பொணம்னு இங்கயே புதைச்சிடுவோம்."

அங்கே வீட்டு வாசலில் குழி வெட்டி ஊரே காத்திருந்தது. சுபிலாகா துணியை விலக்கிப் பார்த்தாள். பேரையும் சொன்னாள். அவளுடைய மூத்த மகனின் முகம் அப்படியே கிழவருக்கு இருந்தது. இந்த முகத்துக்கா இத்தனை காலம் ஓடி ஒளிந்தேன் என்று அழுகை வந்தது.

உடலோடு வந்து இறங்கியவளை நாத்தனார் மறித்தாள்.

"முகத்தைப் பார்த்தியா?"

"பார்க்காம குடுக்க மாட்டேன்னாங்க."

"பேரு?"

"சொன்னேன்."

"அப்போ எங்கப்பா குழிகிட்ட வராதே."

அம்பகிலே மாடு வெட்டுகிற பக்கம் நழுவினான்.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு மாடு கொடுத்தால் தீர்கிற குற்றம்தான். அன்று அப்பனுக்காக அவன் நான்கு மாடு வெட்டினான். ஊரே தின்று ஏப்பம் விட்டது. ஐந்தாவது மாடு தொழுவத்தில் நின்றது.

"அது சினை மாடு," என்றான். "நீ கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல இரு."

மறுநாள் ஓடத்துறைவரை கூட வந்தான். ஏறும்போது சுபிலாகா சந்தைச் சீட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"வெச்சுக்கோங்க. நாளைக்கு நீங்க அந்தப் பக்கம் ஒதுங்கினா, இங்கேருந்து யாரையாவது அனுப்பணுமே."