தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு மரண அறிவித்தல்

போன சனிக்கிழமை காலை. பாதி முகம் மழித்து முடித்திருந்தேன். தூரத்தில் ஒலிபெருக்கிச் சத்தம்... அந்த ஓட்டோ! ஊரில் யாராவது கண்ணை மூடினால்தான் அது வரும்.

மீதி முகத்தில் நுரையோடு வாசல் படலைக்கு ஓடினேன். எதிர்வீட்டுக்காரி அகப்பையோடு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் துவாயோடு நின்றார். யார் போனது?

"நாரந்தனையைப் பிறப்பிடமாகவும், எங்கள் ஒழுங்கை முகப்பை வதிவிடமாகவும் கொண்டிருந்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, பவுசர் வராத காரணத்தால் வறண்டு காலமாகிவிட்டது..."

சிரிப்பதா, கோபப்படுவதா?

"...நியாயம் கேட்கத் திங்கட்கிழமை காலை கந்தோருக்குப் புறப்படுகிறோம். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்று, வெறுங்குடத்தோடு வரவும்!"

சாரதிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜெசிந்தா. எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறாள். புருஷன் கடலுக்குப் போகிறவர்.

அவளுக்கு ஏன் இந்த வேலை? எங்கள் பக்கத்துக் கிணறுகள் உவர். குளிக்கலாம், குடிக்க ஏலாது. பவுசர் லொறி தண்ணீர் கொண்டுவந்து தாங்கியை நிரப்பினால்தான் குடிதண்ணீர். அது சில வாரங்களாக வரவில்லை. ஜெசிந்தாவின் வீட்டில் தங்கச்சியும் தங்கச்சியின் கைக்குழந்தையும். குழந்தைக்குப் பால்மா கரைக்க, தண்ணீர்க் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய் வருகிறாள் ஜெசிந்தா. தினமும்!

பவுசரை அனுப்புகிற அரசாங்கக் கந்தோரில் போய்க் கேட்டிருக்கிறாள். "அந்த ஒழுங்கையிலை ஆக்கள் இருக்கினமோ? எல்லாம் பூட்டின வீடெல்லோ?" என்றாராம் அதிகாரி.

பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் கனடாவிலும் லண்டனிலும். அப்படியென்றால் மீதி வீட்டில் இருக்கிற நாங்கள் யார்? ஆவிகளா? கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் பற்றியது.

"என்னட்டை விடும்" என்றேன். பத்தி எழுதுகிறவன் அல்லவா? ஊர் வாட்ஸ்அப் குழுவில், கல்லும் கரையும்படி ஒரு வேண்டுகோள் போட்டேன்.

கல் கரைந்தது. டொராண்டோவிலிருந்து கும்பிடுகிற கைகள் வந்தன. பாரிஸிலிருந்து அழுகிற முகங்கள் வந்தன. ஒருவர் தான் சிறுவயதில் குளித்த கிணற்றின் படத்தை அனுப்பினார். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு வரவில்லை.

ஜெசிந்தா என் போனை வாங்கிப் பார்த்தாள். "அண்ணை, இந்த அழுகிற ஆக்களைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு வருவியளோ?"

அவள் நேரே ஓட்டோக்காரரிடம் போயிருக்கிறாள்.

சனிக்கிழமை ஓட்டோ என் படலையைத் தாண்டும்போது கத்தினேன். "ஜெசிந்தா, அபசகுனம் எண்டு சனம் பேசப்போகுது!"

"பேசட்டும் அண்ணை. பேசிப்போட்டு வரட்டும். ஆரும் செத்தால்தானே இந்த ஊர் படலைக்கு வருது!"

உண்மைதானே? கூட்டம் என்றால் எங்களுக்கு ஆயிரம் வேலை. செத்தவீடு என்றால் மட்டும், பேச்சுவார்த்தை இல்லாதவன் வீட்டுக்கும் போய் ஓரமாக ஒரு கதிரையில் இருந்துவிட்டு வருவோம். போகாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? அந்த நாடியைத்தான் ஜெசிந்தா பிடித்திருந்தாள். அபசகுனம் என்று முணுமுணுத்தவர்கள்தான் திங்கட்கிழமை முதல் ஆளாக வந்து நின்றார்கள் – குடத்தோடு. நானும்தான்.

கந்தோர் விறாந்தைக்கு அதிகாரி வந்தார். குடங்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "இவ்வளவு பேரும் அந்த ஒழுங்கையோ?"

"ஓம் சேர். உயிரோடைதான் இருக்கிறம். வடிவாப் பாருங்கோ" என்றாள் ஜெசிந்தா. தங்கச்சி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து அது வீரிட்டது.

"சரி, சரி... வியாழக்கிழமை பவுசர் வரும்."

எல்லோரும் திரும்பினோம். ஜெசிந்தா மட்டும் நகரவில்லை.

"சேர், உங்கட பிறப்பிடம் எது?"

"ஏன்?"

"இப்ப வதிவிடம்?"

"ஏனம்மா கேக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை. வியாழக்கிழமை தண்ணி வராட்டித் தேவைப்படும்."

பவுசர் புதன்கிழமையே வந்துவிட்டது.