பக்கத்து நாற்காலியின் பாட்டில்

கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் ஏலக்காரர் தொண்டையைச் செருமிக்கொள்வார். காய்கறி மண்டியில் அந்தச் செருமலுக்கே மூன்று தெரு தள்ளி நிற்கிற லாரி தானாகப் பின்வாங்கி வந்து சரக்கை இறக்கும். சரி, லாரி கொஞ்சம் அதிகம்தான். ஒரு தள்ளுவண்டியாவது திரும்பிப் பார்த்திருக்கும். இப்போது, கதிர்வீச்சுப் பிரிவின் காத்திருப்பு அறையில், அது மின்விசிறிச் சத்தத்தைக்கூடத் தாண்டுவதில்லை. ஒரு தரம், இரண்டு தரமெல்லாம் இனி விரலில்தான்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே எதையும் எடைபோடுகிறவர் அவர். பூசணியைத் தட்டிப் பார்க்கவே வேண்டாம். இங்கே எடைபோடக் கிடைத்த ஆள் பக்கத்து நாற்காலித் தையல்காரர். இருவருக்கும் அடிநாக்கை ஒட்டி, ஒரே இடத்தில் புற்று. ஆனால் தையல்காரர் வாயில் குண்டூசி வைத்திருக்கிறாரே தவிர சிகரெட் வைத்ததில்லை. அவருக்கு வந்தது பாப்பிலோமா வைரஸால். அந்த வகைக் கட்டி சிகிச்சைக்கு நன்றாக மசியும், பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள் என்றார் டாக்டர். ஏலக்காரருடையது புகை வளர்த்த கட்டி. அது முரண்டு பிடிக்குமாம்.

அன்றே ஏலக்காரரைப் பிடித்தது வயிற்றெரிச்சல்.

"கொடுத்து வச்ச ஆளுய்யா நீ. நோயிலகூட உனக்கு முதல் தரச் சரக்கு, எனக்கு அழுகல். அந்த வைரஸை ஏலத்துல விடு, நானே எடுத்துக்கறேன்," என்று காற்றுக் குரலில் கரகரப்பார்.

"எடுத்துக்கங்கண்ணே. கூடவே என் மாமியாரையும் சேர்த்துத் தரேன்," என்பார் தையல்காரர்.

வைரஸ் இப்போது தொற்றினாலும் கட்டியின் குணம் மாறாது, அதை விடுங்கள், தண்ணீர் குடியுங்கள், விழுங்காமல் இருந்தால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஏலக்காரர் காதில் ஏறவில்லை. ஒவ்வொரு மடக்கும் கண்ணாடித் தூள். ஆஸ்பத்திரி இருவருக்கும் கொடுத்தது ஒரே மாதிரி நீலப் பாட்டில். தையல்காரருடையது காலியாக வீடு போகும், இவருடையது நிறைந்தபடியே போகும். அதற்கும் ஒரு பொருமல்.

இன்று தையல்காரர் இயந்திர அறைக்குள் போனதும், அவர் நாற்காலியில் ஒரு நீலப் பாட்டில் நின்றது. ஏலக்காரரின் மனைவி குனிந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். அவர் வாசலைப் பார்த்தார். நர்ஸைப் பார்த்தார். பால் திருடும் பூனை மாதிரி கையை நீட்டி, மூடியைத் திருகி, வாய் வைத்தே குடித்தார். கண்ணில் நீர் முட்டியது. விடவில்லை, இன்னொரு மடக்கு.

"என்னங்க," என்றாள் மனைவி, பின்னலிலிருந்து தலை நிமிராமல். "அவர் பாட்டில் அவரோடயே உள்ள போயாச்சு. நீங்க குடிக்கிறது உங்களுது. நான்தான் அங்க வச்சேன்."

ஏலக்காரர் பாட்டிலைக் காதருகே குலுக்கி, மிச்சத்தை எடைபோட்டார். பிறகு மூன்று விரல்களை அவள் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு, மறுபடி வாயில் கவிழ்த்தார்.