வெங்காயச் சருகு நிறப் பட்டு

அந்தப் புது வருடத்தன்று காலையில் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சட்டம் போட்டாள். சித்தியிடம் எதுவும் கேட்கக் கூடாது. ஊருக்கு எப்போது போவாய் என்று கேட்கக் கூடாது. சித்தப்பா ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. எதற்கு இரண்டு பெட்டி கொண்டுவந்திருக்கிறாய் என்று கண்டிப்பாகக் கேட்கக் கூடாது. அந்தக் கடைசிக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா சொன்ன பிறகு அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. தியாகராய நகரில், மாம்பலம் ஸ்டேஷன் அறிவிப்புகள் காதில் விழும் தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் வேலை பார்த்தார். அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்களின் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். சித்தி அம்மாவின் தங்கை, கோவில்பட்டியில் ஒரு கடைக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். லீவுக்கு வந்தால் நாலு நாள் இருப்பாள், என் தலையை வகை வகையாகப் பின்னிவிடுவாள், போய்விடுவாள். இந்த முறை அரையாண்டு விடுமுறை முடிந்து எனக்குப் பள்ளிக்கூடமே திறந்துவிட்டது. சித்தி அங்கேயேதான் இருந்தாள்.

யாராவது கேட்டால், “புது வருஷத்துக்கு வந்திருக்கா” என்று அம்மா சொன்னாள். புது வருடம் ஒரு நாள்தான் என்று நான் நினைத்திருந்தேன். அது இவ்வளவு நீளமானது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

சித்தி சும்மா இருக்கிற ஆள் இல்லை. வந்த இரண்டாம் நாளே மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வெயிலை வீணடிக்கியளே அக்கா” என்றாள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அக்காவிடம் சொல்லிவைத்து, ஐஸ் போட்டு மீன் வருகிற தெர்மகோல் பெட்டிகளை வாங்கினாள். அவற்றின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் தேங்காய் நாரும் கலந்து நிரப்பி, அரைக்கீரை, வெண்டை, தக்காளி என்று விதைத்தாள். பெட்டிகளை எத்தனை தடவை கழுவியும் மீன் வாசனை போகவில்லை. முதல் சில நாட்கள் பக்கத்துக் கட்டடத்துப் பூனைகள் எல்லாம் வந்து அந்த வெறும் மண்ணை மரியாதையோடு சுற்றி உட்கார்ந்திருந்தன.

மாடி வேலை முடிந்தால் வீட்டு வேலை. அப்பா கடையிலிருந்து கொண்டுவந்த வெட்டுத்துணிகளில் கால்மிதி பின்னினாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்கு வர்ணம் பூசினாள். நானும் அவளும் மிட்டாய்த் தாள்களை மடித்துத் தோரணம் கட்டினோம். பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருவேன். தினமும் புதிதாக ஏதாவது ஒன்று எனக்காகக் காத்திருக்கும். சொல்லப்போனால், பெரியவர்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த அந்த ஜனவரியில் நான்தான் அந்த வீட்டிலேயே சந்தோஷமாக இருந்தவள்.

ஒன்று மட்டும் குழப்பமாக இருந்தது. சித்தப்பாவின் பெயரைக் காட்டிச் சித்தியின் செல்போன் அடித்தால் அவள் அதை எடுக்க மாட்டாள். அப்படியே விட்டுவிட்டு மாடிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். போன் காலையில் அடிக்கும், மத்தியானம் அடிக்கும், சாயங்காலமும் அடிக்கும். ஒவ்வொரு தடவையும் தண்ணீர். முளைத்த சில நாளிலேயே கீரை எல்லாம் மஞ்சளாகி, வேர் அழுகி, அப்படியே படுத்துவிட்டது.

இன்னும் இரண்டு பெட்டி கொடுக்க மேலே வந்த மீன்கார அக்கா அதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள். “இன்னாம்மா இது, கீரையை வளக்குறியா, குளிப்பாட்டிக்கினு கீறியா? கடல்ல கூட இம்மாந் தண்ணி கெடையாது.”

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மீன்கார அக்கா என்னைப் பார்த்து, “பாப்பா, நீ கீழ போ” என்றாள். கீரை செத்ததற்கு இவ்வளவு அழுகிறாளே, மறுபடி விதைத்தால் முளைக்காதா என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

போகிக்கு முந்தின நாள் அம்மா வீட்டைத் துடைத்து வேண்டாத சாமான்களை வாசலில் குவித்தாள். கிழிந்த பாய், உடைந்த முறம், என் பழைய பள்ளிப் பை. நான் புதிதாக வாங்கின போகி மேளத்தைத் தட்டிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போது சித்தி தன் இரண்டாவது பெட்டியைத் திறந்து ஒரு புடவையை வெளியே எடுத்தாள்.

அப்படி ஒரு நிறத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. சிவப்பும் இல்லை, ஊதாவும் இல்லை. உரித்துப் போட்ட வெங்காயச் சருகை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியுமே, அந்த நிறம். மயில்நீல முந்தியில் சரிகை அன்னங்கள் வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன. எனக்கு நினைவில்லாத சித்தியின் கல்யாணத்தில் அவள் கட்டியிருந்த முகூர்த்தப் பட்டு அது. கடைக்கு வந்த சரக்கில் அப்பாவே பொறுக்கி எடுத்தது என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அம்மா ஓடிவந்தாள். “ஏட்டி, என்ன செய்யப் போற? அதையும் கொளுத்தப் போறியா?”

“பட்டை யாராவது கொளுத்துவாங்களா?” என்ற சித்தி தரையில் புடவையை விரித்து, கத்தரிக்கோலை எடுத்தாள். “சோபா திண்டுக்கு உறை தைக்கப் போறேன்.”

“மங்கலப் பொருளுட்டி அது. கத்தரி வைக்கலாமா?”

“இந்த நாலு வருஷமா பெட்டிக்குள்ள கெடந்து என்ன மங்கலம் செஞ்சுட்டு? உறையாவாவது இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு இருவரும் குசுகுசுவென்று சண்டை போட்டார்கள். எனக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் குசுகுசு. ஆனால் நான் மேளத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டிருந்ததால் கொஞ்சம் கேட்டது. “அடிச்சாரா? குடிச்சாரா? வேற என்ன சொல்லி நாங்க போய்க் கேக்கது?” என்றாள் அம்மா. அதற்குச் சித்தி, “ஒண்ணும் செய்யலக்கா. அதான் சொல்லுதேன். ஒண்ணுமே செய்யல” என்றாள். ஒருவர் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் அதற்கு எதற்குக் கோபம்? நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால்தான் அம்மா என்னை நல்ல பிள்ளை என்பாள்.

அம்மா கையை நீட்டினாள். சரி, கத்தரிக்கோலைப் பிடுங்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு கைக்குட்டையைப் பொம்மைக்காக வெட்டினதற்கே என் முதுகில் வைத்தவள் அவள். ஆனால் அவள் சித்திக்கு எதிரே உட்கார்ந்து, மடிப்பு நெளியாமல் பட்டின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கத்தரி ஓடியது. பட்டு வெட்டுப்படும்போது சின்னதாக ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை.

பொங்கலன்று காலை அப்பாவுக்கு விடுமுறை. குளித்துவிட்டு வந்தவர் சோபாவில் உட்காரப் போய், அப்படியே நின்றார். புது உறைகளை அவர் தொடக்கூட இல்லை. பார்த்தார், சித்தியைப் பார்த்தார், பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். “பொங்கல் பொங்கிருச்சா?” என்று மட்டும் கேட்டார். அன்று முழுவதும், மறுநாளும், அவர் அந்த சோபா பக்கமே போகவில்லை. அப்பாவுக்கு உறை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று சித்திக்காக எனக்கு வருத்தமாக இருந்தது.

காணும் பொங்கலன்று சித்தப்பா வந்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு அவரைப் பிடிக்கும். சத்தமாகப் பேச மாட்டார். எப்போது வந்தாலும் கடலைமிட்டாய் கொண்டுவருவார். அன்றைக்கும் கடலைமிட்டாயும் ஒரு கட்டுக் கரும்பும் எனக்கு ஒரு ஸ்கெட்ச் பேனா பெட்டியும் கொண்டுவந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்தார். ரயிலில் இரவெல்லாம் வந்ததில் இடுப்பு வலி என்று சொல்லி, ஒரு திண்டை எடுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டார். இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் கைகளை ஊன்றினார். சரிகை அன்னம் ஒன்று அவர் விரல்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தது.

அம்மா காபி கொடுத்தாள். அப்பா நாற்காலியில். சித்தி அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள்.

“வீட்ல எல்லாரும் கேக்காங்க” என்றார் சித்தப்பா அப்பாவைப் பார்த்து. “கடைக்கு வாரவங்க கேக்காங்க. எவ்வளவு நாளுக்குத்தான் அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லது? கோவம்னா என்ன கோவம்னு சொல்லணும்லா அண்ணாச்சி. நான் ஏதாவது ஒரு சொல்லு சொல்லியிருக்கனா?”

சித்தப்பா சித்தியின் பக்கம் திரும்பினார். “சரி, பெட்டியை எடு. ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போட்டாச்சு.”

சித்தி கிளம்பிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் முகம் கோபமாக இல்லை. ஏதோ ஒரு கணக்குக்கு விடை வருமா வராதா என்று பார்க்கிற மாதிரி அவர் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்:

“இந்த உறை எப்படி இருக்கு?”

அவர் குனிந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அன்னத்தின் மேல் கட்டை விரலால் ஒரு தடவை தடவினார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது அப்பா என் தோளில் கை வைத்து அழுத்தினார்.

“நல்லா இருக்கு” என்றார் சித்தப்பா. “பளபளன்னு இருக்கு. எங்க வாங்கினது, பாண்டி பஜார்லயா?”

அம்மா சடாரென்று அடுக்களைக்குள் போனாள். அப்பா ஜன்னலைப் பார்த்தார். சித்தி சிரித்தாள். அன்று மாடியில் சிரித்தது போல இல்லை. யாரோ வெகுநேரம் தூக்கிவைத்திருந்த பையைக் கீழே இறக்கி வைத்தது போல ஒரு சிரிப்பு.

“நான்தான் தச்சேன்” என்றாள்.

“இதுக்கெல்லாம் உனக்கு நேரம் இருக்கு” என்று அவரும் சிரித்தார். உண்மையிலேயே பாராட்டாகத்தான் சொன்னார்.

“நான் வரலை” என்றாள் சித்தி. இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பது போல அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். இப்போது அப்பா சித்தியைத் திட்டுவார், பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். “பிள்ள வரலைங்கா தம்பி. சாப்ட்டுட்டுப் போங்க” என்றார்.

சித்தப்பா சாப்பிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவரோடு கேட் வரைக்கும் நான் போனேன். அவர் என் முன்னால் குனிந்து, “சித்திக்கு என் மேல என்ன கோவம்னு உனக்குத் தெரியுமா பாப்பா?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார். பெரியவர்களுக்கும் ஒன்று புரியாமல் இருக்க முடியும் என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அவர் முகத்தில்தான்.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். “நீங்க போன் பண்ணா எங்க கீரை செத்துப்போகுது.”

அவர் நிமிர்ந்தார். தலையை ஆட்டினார், சரி என்பது போல. பிறகு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அன்று சாயங்காலம் சித்தி முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, “வா, வெளிய போவோம்” என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஊரே கடற்கரைக்குப் போயிருந்ததால் பாண்டி பஜார் நடைபாதை காலியாக இருந்தது. சித்தி மிளகாய் பஜ்ஜி வாங்கினாள். கண்ணில் நீர் வரத் தின்றாள்; உறைப்பு என்றாள்; இன்னொரு தட்டு வாங்கினாள். திறந்திருந்த ஒரு சின்னக் கடையில் தையல் நூல் கண்டுகள் பார்த்தாள். ஒரு நிறத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. பச்சை, ஆரஞ்சு, கறுப்பு, எலுமிச்சை மஞ்சள் என்று அள்ளிப் பையில் போட்டுக்கொண்டே இருந்தாள். பை நிரம்பியது. திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்து வீசிக்கொண்டே வந்தாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அல்லது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். சித்தப்பா உறை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் இல்லையா? அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சித்தி இவ்வளவு நாள் காத்திருந்தாள். அவர் பாராட்டின சந்தோஷத்தில் இன்னும் நிறையத் தைக்கலாம் என்றுதான் எங்களோடேயே தங்கிவிட்டாள். சித்தி பிறகு எங்கள் தெருவிலேயே ஒரு தையல் கடை போட்டபோதும் அப்படியேதான் நம்பிக்கொண்டிருந்தேன். சித்தப்பாவின் மேல் எனக்கு உள்ளூர நன்றிகூட இருந்தது. அவ்வளவு நல்ல வார்த்தை சொன்ன மனுஷரை எங்கள் வீட்டில் ஏன் யாரும் மறுபடி கூப்பிடவே இல்லை என்பதுதான் விளங்கவில்லை.